நாற்பத்தொரு பேருக்கு ஒரு காது

அர்த்தநாரி செத்த அன்றைக்கு எங்கள் காலனியில் ஒருத்தரும் வாய்விட்டு அழவில்லை. அழக் கூடாது என்று முந்தின வாரமே சங்கத்தில் முடிவு செய்திருந்தோம். பறை கிடையாது, சங்கு கிடையாது, சொந்தபந்தத்துக்குச் சேதி கிடையாது. நகராட்சி மயானத்துக்குக் கொண்டுபோனால் ரசீது போடுவார்கள், ரசீதில் பேர் ஏறும். அதனால் ஓடைக்கரையில் இருக்கிற எங்கள் பழைய இடுகாட்டில், பட்டப்பகலில், தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் பறிக்கிற மாதிரி பறித்துப் புதைத்தோம்.

அவன் மேல் இருந்த பாசத்தால் அல்ல. அவன் செத்தது கம்பெனிக்குத் தெரிந்தால் முப்பது நாளில் நாங்கள் நாற்பது பேரும் செவிடாகிவிடுவோம். அதற்குக் காரணம் நான். வேறு எவனாவது திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓடப்புதூர் காலனி முழுக்க விசைத்தறிக்காரர்கள்தான். பத்துப் பன்னிரண்டு வருசம் தறிக்கூடத்தில் நின்றால் காது மிஞ்சாது. உள்ளே பேச்சு கேட்காது என்பதால் ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். வெளியே வந்தால் அதுவும் முடியாது, வெளியாட்கள் வாயை மூடிக்கொண்டே பேசுகிறார்கள். நான் தறி பிட்டர், தறி ரிப்பேர் பார்க்கிறவன். ஏழு வருசம் சுத்தச் செவிடாக இருந்தேன். அந்த ஏழு வருசமும் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன், அது வேறு விசயம்.

பதினோரு வருசத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி தர்மத்துக்குக் காது கொடுத்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் ஒரு சிஸ்டம், அந்தச் சிஸ்டத்துக்கு ஒரு லைசென்ஸ். சங்க ஆபீசில் சர்வர் என்று ஒரு இரும்புப் பெட்டி வைத்தார்கள். வில்லைகள் தினமும் அந்தப் பெட்டியிடம் 'நான் வேலை செய்யலாமா' என்று கேட்கும். பெட்டி கம்பெனியைக் கேட்டுச் சொல்லும். இலவசமாகக் கொடுத்ததற்கு எதற்கு இத்தனை கேள்வி என்று அன்றைக்கே கேட்டேன். 

அர்த்தநாரிக்கு மட்டும் ஈரோட்டில் காது ஆஸ்பத்திரியில் வைத்து எல்லாம் சரிசெய்து அனுப்பினார்கள். மீதி நாற்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். சங்கத்தில் இயந்திரம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கு ஒரு நம்பர், நம்பர் என்றால் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து இருபத்தைந்து. மூன்று நாள் முயன்றேன். ஒன்றுகூட ஏறவில்லை. அர்த்தநாரியோ தனக்குத் துல்லியமாகக் கேட்கிறது, இவ்வளவு நிம்மதியாக வாழ்நாளில் இருந்ததில்லை என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஜக்கார்டு தறியில் ஒரு டிசைனுக்கு ஓட்டை குத்திய ஒரு அட்டைக்கட்டு. ஒரு தறியில் துணி சுத்தமாக வந்துவிட்டால் அந்தக் கட்டைப் பார்த்தே மற்ற தறிகளுக்கும் அட்டை குத்திக் கோத்து மாட்டிவிடுவோம். எந்தத் தறிக்காரனும் தறிக்குத் தறி புதிதாக டிசைன் போடமாட்டான். நானும் அதைத்தான் செய்தேன். அர்த்தநாரியின் வில்லையை வயரில் மாட்டி, அதில் இருந்ததை அப்படியே நாற்பதுக்கும் ஏற்றினேன். எல்லாம் பச்சையாக எரிந்தது. காலனியே கேட்டது. வையாபுரி, எங்கள் சங்கத் தலைவர், எனக்கு மாலை போட்டார். அந்த நாற்பது அட்டையையும் பீரோவில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து சோதிக்கிற வேலையும் என் தலையில். மாதம் ஒருதரம் வீடு வீடாகப் போய்க் கையில் இருக்கிற கருவியை வில்லைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் ஏதோ நாள் நெருங்குகிறது. சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

இந்த ஆனி மாதம் சர்வரே மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நஸீமா என்கிற பெண் வந்து பெட்டியைத் திறந்தாள். எண்ணிக்கை எவ்வளவு காட்டுகிறது என்று என்னைக் கேட்டாள். ஒன்று என்றேன். பதினோரு வருசமாக அந்த ஒன்று அங்கேதான் இருக்கிறது. குறையில்லை என்பதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"தாத்தா, நாப்பத்தொரு வில்லையும் ஒரே ஆளோடதுன்னு கம்பெனி நினைச்சுட்டு இருக்குது. அந்த ஆளு அர்த்தநாரி."

"நினைச்சுட்டுப் போகட்டும். கேக்குதல்ல?"

"அவரு இருக்கிற வரைக்கும் கேக்கும். செத்துட்டார்னு பதிவாயிருச்சுன்னா லைசென்ஸ் அவரோட முடிஞ்சுது. முப்பது நாள் தருவாங்க. அப்புறம் மொத்தமும் அணைஞ்சுரும்."

பீரோவில் இருந்த அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். தொண்ணூறு நாளுக்குள் ஏற்றியிருக்க வேண்டுமாம். கொடுத்த கம்பெனி கைமாறிவிட்டதாம், தர்மக் கணக்கை மூடிவிட்டார்களாம். போய்க் கேட்டால் காப்பி அடித்தது தெரிந்துவிடும், அவர்கள் பேச்சில் அது திருட்டு, அன்றைக்கே அணைத்துவிடுவார்கள் என்றாள். தான் பார்த்ததை யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள். நான் நம்பவில்லை, ஆனால் அவள் சொல்லவில்லை.

போகும்போது இன்னொன்றையும் சொன்னாள். வருசத்துக்கு ஒருதரம் பெட்டி அர்த்தநாரியை உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும். அவனும் ஆமாம் என்பான், இது எனக்குத் தெரியும். அவனால் முடியாவிட்டால் அவன் வாரிசாகக் குரல் பதிந்த ஆள் சொல்லலாம். அது பாவாயி, அவன் பெண்டாட்டி. இந்த வருசம் கேட்கிற நாள் ஆவணி பத்து, அதற்கு முன்னால் சொன்னால் பெட்டி எடுத்துக்கொள்ளாது.

அர்த்தநாரிக்கு அப்போதே ஈரல் போய்விட்டது. குடித்துக் குடித்துப் போன ஈரல். அவன் மூச்சில்தான் எங்கள் காது இருக்கிறது என்று தெரிந்ததும் காலனி அவனை ராசா மாதிரி வைத்துக்கொண்டது. இளநீர் போனது, ஆட்டுக்கால் சூப் போனது, ஆள் மாற்றி ஆள் கால் பிடித்துவிட்டார்கள். பெண்டாட்டி கையை ஒடித்தவன், கரண்டியால் சூடு வைத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். தழும்பைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒருநாளும் சத்தம் கேட்டதில்லை. பாவாயி வாய் திறக்காத பொம்பளை, அவளுக்கே அது பழகிவிட்டது என்று பேசிக்கொள்வோம். பேசினாலும் உதடுதான் அசையும், ஏதோ தூரத்தில் இயந்திரத்தில் தறி நூலைத் தார் சுற்றுகிற மாதிரி ஒரு முனகல் வரும். அவள் தறிக்கூடத்துக்கு வந்தவளில்லை. வீட்டில் இருந்து தார் சுற்றியவள், காது நன்றாக இருந்தது, வில்லை கிடையாது.

ஆடி இருபதில் அவன் செத்தான். புதைத்துவிட்டு வந்ததும் வையாபுரி பாவாயியிடம் போய்ச் சொன்னார். தாலி கழுத்தில் இருக்கட்டும், பொட்டு இருக்கட்டும், கேட்டால் வெளியூர் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல், ஆவணி பத்தாம் தேதி பெட்டியிடம் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல், அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். அவள் உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. வையாபுரி எங்கள் பக்கம் திரும்பி, "சரிங்குது" என்றார். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம்.

எனக்கு மனசு நிற்கவில்லை. பாவாயிக்காக அல்ல, அப்படிப் பொய் சொல்லமாட்டேன். அவள் அன்றைக்கு மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான். வேறு வழி இருக்கிறதா பார்க்க ஈரோட்டுக்கு நஸீமாவிடம் போனேன். அர்த்தநாரிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் வில்லையில் வயரை மாட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இதுல ஒரு குரலைத் தடுத்து வச்சிருக்குது. நீங்க வச்சதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கினாள். வில்லையில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. பக்கத்து வீட்டு நாய், தெருவில் ஒலிபெருக்கி, இப்படித் தொந்தரவான ஒன்றைப் பதிந்து கொடுத்தால் வில்லை அதை மட்டும் அமுக்கிவிடும். இது காப்பி என்பதால் அர்த்தநாரி வைத்தது எனக்கும் வந்திருக்கிறது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் வந்திருக்கிறது. மாதிரிக்குக் கொடுத்த குரல் திரையில் இருந்தது. வாரிசுக்கென்று ஆஸ்பத்திரியில் பதிந்த அதே குரல். நஸீமா அதை ஓடவிட்டாள்.

அந்த முனகல்தான் வந்தது. தூரத்தில் தார் சுற்றுகிற மாதிரி.

"சத்தம் கூட்டு அம்மிணி" என்றேன்.

"தாத்தா, இந்த ரூமே அதிருது. வெளிய நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. 'என் பேரு பாவாயி, என் வீட்டுக்காரர் பேரு அர்த்தநாரி'ன்னு ஒரு அம்மா கணீர்னு சொல்றாங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

எடுக்க முடியுமா என்று கேட்டேன். லைசென்ஸ்காரர் கைரேகை வைத்தால்தான் மாற்றலாம் என்றாள். அந்தக் கையை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்ததை அவளிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாவாயி வாசலில் நின்றால் காலனிக் குழந்தைகள் எல்லாம் ஓடும், யார் கூப்பிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி, இப்போது கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள், ஒருநாள் என் வேட்டியைப் பிடித்து இழுத்துப் பாவாயி அத்தை கத்துகிறது என்றாள். நான் காதைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று அவளைத் திட்டி அனுப்பினேன். வயசுப் பையன்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். காலனியில் மிஞ்சியது நாங்களும் குழந்தைகளும்தான். குழந்தைகள் சொல்வதை நாங்கள் நம்பவில்லை.

நேராகப் பாவாயி வீட்டுக்குப் போனேன். தார் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வில்லையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்தேன். தறிக்கூடத்தை விட்டு வந்த பிறகு யார் உதட்டையும் நான் பார்த்ததில்லை. காது வந்ததும் முகம் பார்க்கிறதை விட்டுவிட்டோம்.

நடந்ததைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காததால் கத்திச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா தெரியாது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பொ யாருக்குமே கேக்கலையாக்கும்?" என்றாள்.

"கேக்கலை பாவாயி."

"கையை ஒடிச்சப்போ மத்தியானம் மூணு மணி. நீங்க உங்க வாசல்ல செய்தி கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க. சன்னல்ல இருந்து பாத்தேன். பிட்டரண்ணா, பிட்டரண்ணான்னு உங்க பேரைச் சொல்லித்தான் கத்துனேன்."

நான் தலை குனிந்தேன். குனிந்தால் அவள் பேசுவது தெரியாது. அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"கேட்டும் வரலைன்னு நினைச்சுத்தான் பதினோரு வருசம் உங்க நாப்பது பேரு மூஞ்சியிலயும் முழிச்சேன்."

தனக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் சொன்னாள். வையாபுரியிடமும் அதையேதான் சொன்னாளாம், நாங்கள் சரி என்று எடுத்துக்கொண்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. அர்த்தநாரி செத்துவிட்டான் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டும். பேரைப் பதிய வேண்டும். செத்தவனுக்கு எதற்குப் பெண்டாட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். நான் அப்போதும் வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நாப்பது பேரு அம்மிணி. சுலோச்சனாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருசம் கழிச்சு இப்பத்தான் கொழந்தை. அது அழுவுறது அவளுக்குக் கேக்க வேண்டாமா?"

அவள் கண் அங்கே இங்கே அலைந்தது. சுலோச்சனாவின் குழந்தைக்கு முதல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் பாவாயிதான்.  பிறகு இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். நான் எழுந்து வந்தேன்.

இதைச் சங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் அவளிடம் போய் அழுவார்கள், மீதிப் பேர் மிரட்டுவார்கள். இரண்டையும் செய்யக்கூடியவர்கள் என்று நாற்பது பேரையும் எனக்குத் தெரியும். பயமும் இருந்தது. காப்பி அடித்த கை யாருடையது என்ற கேள்வி அதோடு சேர்ந்து வரும்.

ஆவணி பத்து, காலை பதினோரு மணி. சங்க ஆபீசில் நிற்க இடமில்லை. சுலோச்சனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். பாவாயியை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருந்தார்கள், அதைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். பொட்டு வைத்திருந்தாள். வையாபுரி அவள் முன்னால் கைகூப்பி ஒருதரம் கும்பிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டேன். வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பெட்டி கேட்டது. என்ன கேட்டது என்று திரையில் எழுத்தாகவும் ஓடியது. உரிமம் பெற்ற அர்த்தநாரி உயிருடன் இருக்கிறாரா, பதிவான குரலில் பதில் சொல்லவும்.

பாவாயி எல்லோரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். சுலோச்சனாவின் குழந்தையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தறிக்கூடத்தில் பேசுவோமே, அந்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"செத்துட்டாரு. பொதைச்சாச்சு. நான் பாவாயி, அவரு பொண்டாட்டியா இருந்தவ."

முப்பத்தொன்பது தலை அவள் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தலைக்கும் கேட்கவில்லை. தங்கள் காது தங்குமா போகுமா என்கிற பேச்சு அவர்கள் காதிலேயே விழவில்லை. சுலோச்சனாவின் குழந்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பாவாயியைப் பார்த்துச் சிரித்தது.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் பெட்டியின் விளக்கு மஞ்சள் போய்ப் பச்சையானது. ஓரத்தில் சின்னதாக முப்பது என்று வந்தது. அதைப் படிக்கிற ஆள் நான் ஒருத்தன். விளக்கைப் பார்த்ததும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், வாயைப் பிளந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சத்தமில்லாமல் தெரிந்தது. வையாபுரி என் தோளைத் தட்டித் திருப்பினார்.

"பிட்டரே, பச்சைதானே? ஆமான்னுதானே சொல்லுச்சு?"

பாவாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கலைங்க" என்றேன்.

அவர் என் காதைப் பார்த்திருந்தால் வில்லை இல்லாதது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மறுநாளே பாவாயி தாலியைக் கழற்றிவிட்டாள். நகராட்சிக்கும் தனியாகப் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். கேட்டவர்களுக்கு உதட்டை அசைத்துப் பதிலும் சொன்னாள். பெட்டிதான் ஒத்துக்கொண்டதே, இனி அவள் இஷ்டம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பதிந்தது அவர்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு இருபத்தாறாவது நாள். நேற்று மாதச் சோதனைக்குப் போனேன். நாற்பதும் மஞ்சள். பச்சை என்று நோட்டில் எழுதினேன். சுலோச்சனா வீட்டில் மட்டும் தொட்டிலைச் சன்னலோரத்திலிருந்து எடுத்து அடுப்புக்கு எதிரில், அவள் திரும்பினால் குழந்தையின் வாய் தெரிகிற இடத்தில் கட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். காற்று வரும் என்றேன். அங்கே காற்று வராது, அவளுக்கே தெரியும். ஆனாலும் பிட்டர் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று மாற்றிக் கட்டினாள். குழந்தை அப்போது அழுதது. அவள் அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல், வருகிறேன் சாமி என்று பதில் சொன்னாள்.

இதை எழுதிச் சங்க ஆபீஸ் சுவரில் ஒட்டப்போகிறேன். என்னைத் திட்ட வேண்டியவர்கள் நாலு நாளுக்குள் வந்து திட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எனக்கு முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள்.